கிளையன்ட் டெக்சஸில் இருந்தால் நியூஜெர்சி வரி கிடையாதா?

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் மனைவி, ஒரு குழந்தையோடு இருக்கிறேன். இங்கேயே ஒரு கம்பெனியில் வேலை, சம்பளம் 1,30,000 டாலர். மனைவி வேலைக்குப் போகவில்லை. 2024 கடைசியில் கிரீன் கார்டு வந்தது. 2025 பிப்ரவரியிலிருந்து ராத்திரி நேரத்தில் வெப்சைட் டிசைன் செய்து கொடுக்கிறேன். டெக்சஸ் ஆஸ்டினில் இருக்கும் ஒரு கம்பெனி 18,000 டாலர் கொடுத்தது, 1099 படிவம் அனுப்பியிருக்கிறது. ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு ரெஸ்டாரன்டும் ஒரு புடவைக் கடையும் ஸெல் (வங்கியிலிருந்து வங்கிக்குப் பணம் அனுப்பும் வசதி) மூலம் 3,500 கொடுத்தார்கள், எந்தப் பேப்பரும் இல்லை. கோயம்புத்தூரில் அத்தை மகன் கடைக்குச் செய்ததற்கு இந்தியாவில் இருக்கும் என் என்ஆர்ஓ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான) கணக்கில் 2,500 டாலர் அளவுக்கு ரூபாயாகப் போட்டான். ஆக 24,000. செலவு 4,000. எல்லாவற்றையும் சாஃப்ட்வேரில் போட்டுப் பார்த்தால், வருஷாவருஷம் 2,000 டாலர் ரீஃபண்ட் வாங்கும் எனக்கு ஃபெடரலுக்கு 4,097, நியூஜெர்சிக்கு 805 கட்டச் சொல்கிறது! டெக்சஸில் மாநில வரியே கிடையாதே? பேப்பர் இல்லாத பணத்தைக் காட்ட வேண்டுமா? அபராதம் வருமா? வயோமிங் மாநிலத்தில் எல்எல்சி (பொறுப்பு வரையறுக்கப்பட்ட நிறுவனம்) போட்டால் வரி குறையும் என்று நண்பர் சொல்கிறார். இதற்கு இந்த வேலையே வேண்டாம் போலிருக்கிறது.

பதில்: அன்புள்ள எடிசன் நண்பருக்கு,

சாஃப்ட்வேர் சரியாகத்தான் போட்டிருக்கிறது. நானும் உங்கள் எண்களை வைத்துக் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தேன், ஒரு டாலர் பிசகவில்லை. அந்தத் தொகை எப்படி வந்தது என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை, அதுதான் பிரச்சினை. சம்பளத்தில் வரியைக் கம்பெனியே பிடித்துக் கட்டிவிடுவதால், வரி என்றாலே ஏப்ரலில் திரும்பி வரும் பணம் என்று நம்மவர்கள் பழகிவிட்டார்கள். சைடு வேலைப் பணத்தில் யாரும் எதையும் பிடிப்பதில்லை. முழுசாகக் கைக்கு வருகிறது, அதனாலேயே முழுசும் நம்முடையது என்று தோன்றிவிடுகிறது.

உங்கள் 20,000 டாலர் நிகர லாபத்தின் மேல் மூன்று வரி விழுகிறது. இரண்டு என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அந்த மூன்றாவதுதான் ஆளை அடிப்பது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அதன் பெயர் செல்ஃப் எம்ப்ளாய்மென்ட் டாக்ஸ். உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள், அரசு ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2 சதவீதம், முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கு 1.45 சதவீதம் பிடித்திருக்கும். அதே அளவு பணத்தைக் கம்பெனியும் தன் பங்காகக் கட்டுகிறது, அது உங்கள் கண்ணில் படாது. ராத்திரி வேலையில் நீங்களே முதலாளி, நீங்களே தொழிலாளி, ஆகவே இரண்டு பங்கும் உங்கள் தலையில்: 15.3 சதவீதம். ஒரு சின்ன இரக்கம், முழு லாபத்துக்கும் இல்லை, அதில் 92.35 சதவீதத்துக்குத்தான். 20,000க்கு அது 18,470 ஆகிறது, அதில் 15.3 சதவீதம் 2,826 டாலர். குழந்தை இருக்கிறது, மனைவிக்கு வருமானம் இல்லை, எல்லாருக்கும் கழித்துக்கொள்ள விடும் நிலையான தொகையான ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் இருக்கிறது என்றெல்லாம் இந்த வரியிடம் சொல்லிப் பயனில்லை. வருஷத்துக்கு நிகரம் 400 டாலரைத் தொட்டாலே வந்து நிற்கும். ஆனால் இதன் சோஷியல் செக்யூரிட்டி பகுதிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு: 2025இல் 1,76,100 டாலர், சம்பளத்தையும் சேர்த்து. உங்கள் சம்பளமே அதற்கு மேல் இருந்திருந்தால் சைடு வருமானத்துக்கு மெடிகேர் பகுதி மட்டும்தான் விழுந்திருக்கும். நீங்கள் அந்த வரம்புக்குக் கீழே இருக்கிறீர்கள், முழுசும் விழுகிறது.

அடுத்தது சாதாரண ஃபெடரல் வருமான வரி. இதில் உங்களுக்குச் சாதகமாக இரண்டு விஷயம் நடக்கிறது, சாஃப்ட்வேர் சத்தமில்லாமல் செய்துவிடும் என்பதால் நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். மேலே கட்டிய 2,826இல் பாதியை, அதாவது 1,413ஐ, வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அப்புறம் மிச்ச லாபத்தில் 20 சதவீதத்தைக் கழிக்க விடும் ஒரு சலுகை இருக்கிறது, கியூபிஐ என்பார்கள். 2017 சட்டத்தில் வந்தது, 2025ஓடு முடிவதாக இருந்தது, 2025 ஜூலையில் வந்த சட்டம் அதை நிரந்தரமாக்கிவிட்டது. உங்களுக்கு அது 3,717 டாலர். ஆக 20,000இல் வரிக்கு உட்படுவது 14,870 மட்டும். கணவன் மனைவி சேர்ந்து ஃபைல் செய்வதால் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 31,500; அதைச் சம்பளமே சாப்பிட்டுவிட்டு, 12 சதவீத வரிப் படியையும் தாண்டி நிற்கிறது. அதனால் சைடு வருமானத்தின் முதல் டாலரிலிருந்தே 22 சதவீதம். 14,870க்கு 3,271.

சம்பளத்தின் உச்சியில்தான் சைடு வருமானம் போய் உட்காருகிறது, இதை மனதில் வையுங்கள். "24,000தானே, கீழ்ப் படிதானே வரும்" என்று என்னிடம் வாதம் செய்தவர்கள் நிறையப் பேர்.

இனி நியூஜெர்சி. உங்கள் ஆஸ்டின் கேள்விக்கும் பதில் இங்கேதான். கிளையன்ட் எந்த ஊரில் இருக்கிறான் என்பதை நியூஜெர்சியின் தனிநபர் வருமான வரி பார்ப்பதில்லை. நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள், எங்கே உட்கார்ந்து வேலை செய்தீர்கள், இந்த இரண்டையும்தான் பார்க்கும். நீங்கள் குடியிருப்பது எடிசன், மவுஸைப் பிடித்ததும் எடிசன். நியூஜெர்சிவாசி உலகத்தில் எங்கிருந்து சம்பாதித்தாலும் நியூஜெர்சிக்கு வரி உண்டு. டெக்சஸில் வரி இல்லை என்பது டெக்சஸில் குடியிருப்பவனுக்கு நல்ல சேதி, அங்கிருந்து செக் வாங்குகிறவனுக்கு ஒன்றுமில்லை. நாளைக்கே நீங்கள் வேறொரு மாநிலத்துக்கு விமானம் ஏறிப் போய், அங்கே ஒரு மாதம் கிளையன்ட் ஆபீஸில் உட்கார்ந்து வேலை செய்தால் கதை மாறும்: அந்த மாநிலத்தில் வருமான வரி இருந்தால் அங்கே வெளிமாநிலத்தவராக ஒரு ரிட்டர்ன், அங்கே கட்டியதற்கு நியூஜெர்சியில் ஒரு கிரெடிட். உங்களுக்கு இப்போது அந்தத் தலைவலி இல்லை.

நியூஜெர்சி வரியின் முழுப் பெயர் கிராஸ் இன்கம் டாக்ஸ். 1976இல் வந்தது, சொத்து வரிச் சுமையைக் குறைக்க என்று சொல்லிக் கொண்டுவந்தார்கள் (எடிசனில் வீடு வாங்கியவர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம்). பெயருக்கேற்றபடி அது கழிவுகளில் கஞ்சன். வேலைச் செலவு 4,000ஐக் கழிக்க விடும், அதோடு சரி. ஃபெடரலில் கிடைத்த அந்த 1,413 இங்கே கிடையாது, 20 சதவீதச் சலுகையும் கிடையாது. முழு 20,000க்கும் வரி, நீங்கள் இருக்கும் படியில் 5.525 சதவீதம், 1,105 டாலர். இன்னொரு விசித்திரம், ஒரு வருஷம் டிசைன் வேலையில் நஷ்டம் வந்தால் ஃபெடரலில் அதைச் சம்பளத்தோடு தட்டிக் கழிக்கலாம், நியூஜெர்சியில் முடியாது. ஒவ்வொரு வகை வருமானத்தையும் தனித்தனி டப்பாவில் வைத்திருக்கிறார்கள், ஒன்றின் ஓட்டை இன்னொன்றுக்கு உதவாது.

கூட்டிப் பாருங்கள்: 2,826, 3,271, 1,105. மொத்தம் 7,202. ஃபெடரல் பங்கு 6,097, அதிலிருந்து உங்கள் வழக்கமான 2,000 ரீஃபண்டைக் கழித்தால் 4,097. நியூஜெர்சியில் வழக்கமாக 300 வந்துகொண்டிருந்திருக்க வேண்டும், அதுவும் போய் 805. கையில் வாங்கிய 24,000இல் 7,202 என்பது 30 சதவீதம். செக் வந்த அன்றே 30 சதவீதத்தை வேறொரு சேமிப்புக் கணக்குக்குத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மட்டும் பணமாக நினையுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான். யாரும் கேட்பதில்லை, அது வேறு.

வேறு மாநிலங்களில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கலிஃபோர்னியாவும் அந்த 20 சதவீதச் சலுகையைத் தருவதில்லை. வருஷத்துக்குள் முன்கூட்டிக் கட்ட வேண்டிய தவணைகளும் அங்கே கோணல், 30, 40, 0, 30 சதவீதம் என்று, செப்டம்பரில் ஒன்றும் கிடையாது. பென்சில்வேனியாவில் எல்லாருக்கும் 3.07 சதவீதம், ஆனால் ஊர் அளவில் தனியாக இன்னொரு வரி இருக்கிறது, புதிதாகக் குடிவந்தவர்கள் அதை மறந்துவிட்டு இரண்டு வருஷம் கழித்து நோட்டீஸோடு வருவார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் சம்பளத்துக்கு வரி இல்லை, ஆனால் தொழில் செய்தால் பிஅண்ட்ஓ என்று ஒன்று இருக்கிறது, அது லாபத்தைப் பார்க்காமல் மொத்த வரவைப் பார்ப்பது.

சரி, பேப்பர் இல்லாத பணம். 1099 என்பது கொடுத்தவர் அரசாங்கத்துக்குச் சொல்லும் தகவல், அவ்வளவுதான். அது வந்தால்தான் வருமானம், வராவிட்டால் இல்லை என்று சட்டத்தில் எங்கும் இல்லை. 2025க்கு ஒருவருக்கு 600 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தால் அனுப்ப வேண்டும் என்பது விதி, ரெஸ்டாரன்ட்காரர் அனுப்பவில்லை என்றால் அது அவர் தப்பு. 2026இல் கொடுக்கும் பணத்துக்கு அந்த வரம்பு 2,000 ஆகிவிட்டது, ஆகவே அடுத்த வருஷம் உங்களுக்குப் பேப்பர் இன்னும் குறைவாகத்தான் வரும். அதைப் பார்த்து "2,000 வரை வரி இல்லையாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி இந்நேரம் சுற்ற ஆரம்பித்திருக்கும், நம்பாதீர்கள். மாறியது பேப்பருக்கான வரம்பு, வரிக்கான வரம்பு அல்ல. ஆஸ்டின் கம்பெனி அனுப்பிய 1099ஐ ஐஆர்எஸ் (ஃபெடரல் வரித் துறை) கம்ப்யூட்டர் உங்கள் ரிட்டர்னோடு ஒப்பிடும், அதை விட்டுவிட்டால் சிபி2000 என்ற கடிதம் வரும், ஐஆர்எஸ் கண்டுபிடித்ததை மாநிலத்துக்கும் சொல்லும். ஸெல் பணத்துக்கு அப்படி ஒரு கம்ப்யூட்டர் ஒப்பீடு இல்லை என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் ரிட்டர்னில் கையெழுத்துப் போடுவது எல்லா வருமானத்தையும் சொல்லிவிட்டேன் என்று. கிரீன் கார்டு வைத்துக்கொண்டு நாளைக்குக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறவர் 3,500 டாலருக்காக அந்தக் கையெழுத்தைப் பொய்யாக்கலாமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூர்ப் பணமும் அப்படியே. என்ஆர்ஓ கணக்கில் ரூபாயாக விழுந்தாலும் நீங்கள் எடிசனில் உட்கார்ந்து செய்த வேலைக்கான கூலி அது. டாலருக்கு மாற்றி இரண்டு ரிட்டர்னிலும் சேருங்கள். கூடவே ஒரு கேள்வி, இந்தியாவில் உள்ள உங்கள் எல்லாக் கணக்குகளையும், ஃபிக்சட் டெபாசிட்டையும் சேர்த்து, 2025இல் ஏதாவது ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டியதா? தாண்டியிருந்தால் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையைத் தனியாக ஃபைல் செய்ய வேண்டும். அதற்கு வரி எதுவும் இல்லை, ஆனால் செய்யாமல் விட்டால் அபராதம் உங்கள் டிசைன் வருமானத்தையெல்லாம் விழுங்கிவிடக்கூடும்.

அபராதக் கேள்விக்கு நல்ல பதில்தான் வைத்திருக்கிறேன். வரியை வருஷத்துக்குள்ளேயே தவணையாகக் கட்டாவிட்டால், ஃபெடரலில் 1,000 டாலரோ அதற்கு மேலோ பாக்கி இருந்தால், நியூஜெர்சியில் 400க்கு மேல் இருந்தால், வட்டி போலக் கணக்குப் போட்டு வசூலிப்பார்கள். ஆனால் விதிவிலக்கு உண்டு: போன வருஷத்து மொத்த வரிக்குக் குறையாத பணம் இந்த வருஷம் சம்பளத்தில் பிடிக்கப்பட்டிருந்தால் விட்டுவிடுவார்கள் (முந்தைய வருஷ வருமானம் 1,50,000ஐத் தாண்டியவர்களுக்கு ஃபெடரலில் 110 சதவீதம் பிடித்திருக்க வேண்டும், உங்களுக்கு 100 போதும்). 2024இல் உங்களுக்கு ரீஃபண்ட் வந்திருக்கிறது, சம்பளமும் பிடித்தமும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன, ஆகவே இந்தத் தடவை தப்பித்துவிட்டீர்கள். 2026க்கு இந்தக் கவசம் இல்லை, ஏனென்றால் "போன வருஷத்து வரி" என்பதில் இப்போது அந்தச் சைடு வரியும் சேர்ந்துவிட்டது. முதல் வருஷம் ஒன்றும் ஆகவில்லையே என்று இருந்துவிட்டு இரண்டாம் வருஷம் மாட்டுகிறவர்கள் ஏராளம்.

அதற்கு என்ன செய்யலாம்? ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15 என்று நான்கு தவணையாக ஐஆர்எஸ் தளத்திலும் நியூஜெர்சி தளத்திலும் தனித்தனியாகக் கட்டலாம், எட்டுத் தடவை. அல்லது, சம்பள வேலை இருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு நான் சொல்லும் வழி, கம்பெனியில் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று சொல்லும் டபிள்யூ-4 படிவத்தைப் புதிதாகக் கொடுத்து, அதன் 4(சி) கட்டத்தில் கூடுதலாக ஒரு தொகையைப் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் என்றால், ஏப்ரலில் ஆரம்பித்தால் சுமார் 19 சம்பளம் பாக்கி இருக்கும். ஒவ்வொன்றிலும் 220 டாலர், நியூஜெர்சிக்கு என்ஜே-டபிள்யூ4இல் 45 டாலர். முடிந்தது வேலை. இதில் இன்னொரு வசதி, சம்பளத்தில் பிடித்த பணம் எந்த மாதம் பிடித்திருந்தாலும் வருஷம் முழுக்கச் சீராகக் கட்டியதாகவே ஐஆர்எஸ் எடுத்துக்கொள்ளும். நவம்பரில் ஞாபகம் வந்தால்கூட நவம்பர், டிசம்பர் சம்பளத்தில் மொத்தமாகப் பிடிக்கச் சொல்லிச் சரிக்கட்டிவிடலாம். தவணையாகக் கட்டுகிறவர்களுக்கு அது நடக்காது, ஏப்ரல் தவணையை விட்டால் விட்டதுதான்.

எல்எல்சி பற்றி உங்கள் நண்பர் சொன்னது தப்பு. ஒரே ஆள் வைத்திருக்கும் எல்எல்சியை ஐஆர்எஸ் கண்டுகொள்வதே இல்லை, எல்லாம் மறுபடி உங்கள் ரிட்டர்னில் அதே ஸ்கெட்யூல் சி என்ற தொழில் வருமானப் படிவத்துக்குத்தான் வரும், அதே 7,202. வயோமிங்கில் பதிந்தால் வருஷாவருஷம் அங்கே கட்டணம், எடிசனில் உட்கார்ந்து தொழில் செய்வதால் நியூஜெர்சியிலும் பதிந்து அதற்கு ஒரு கட்டணம். யாராவது வழக்குப் போடுவார்களோ என்ற பயம் இருந்தால் அதற்காக எல்எல்சி யோசிக்கலாம். வரிக்காக வேண்டாம்.

உண்மையிலேயே வரியைக் குறைக்க வேண்டுமென்றால் இப்போதும் ஒரு வழி திறந்திருக்கிறது. 2025 வருமானத்துக்கு, ரிட்டர்ன் ஃபைல் செய்யும் கடைசி நாள் வரை செப் ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு திறந்து பணம் போடலாம். உங்கள் லாபத்துக்கு அதிகபட்சம் 3,717 டாலர். போட்டால் ஃபெடரலில் ஏறக்குறைய 650 டாலர் குறையும், பணமும் உங்கள் ஓய்வுக்காலத்துக்கு உங்கள் பெயரிலேயே இருக்கும். நியூஜெர்சி இதற்கும் சலுகை தராது, அது கஞ்சன் என்று முன்பே சொன்னேன். கையில் பணம் இருந்தால் போடுங்கள், கட்ட வேண்டிய 4,097க்கே தடுமாற்றம் என்றால் விட்டுவிடுங்கள். அந்தத் தடுமாற்றம் இருந்தாலும் ரிட்டர்னை மட்டும் ஏப்ரல் 15க்குள் ஃபைல் செய்துவிடுங்கள், தாமதமாக ஃபைல் செய்தால் மாதத்துக்கு 5 சதவீதம் அபராதம், தாமதமாகக் கட்டினால் 0.5 சதவீதம்தான். ஐஆர்எஸ் தளத்திலேயே தவணைக்குக் கேட்கலாம்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய 4,000 டாலர் செலவுப் பட்டியலைப் பார்த்தேன். 1,800க்கு வாங்கிய லேப்டாப் இந்த வேலைக்கு மட்டும் என்றால் முழுசும் சரி, பையன் அதில் கேம் விளையாடுகிறான் என்றால் அந்த விகிதத்தைக் குறையுங்கள். சாஃப்ட்வேர் சந்தா, இன்டர்நெட்டில் ஒரு பங்கு, சரி. 120 சதுர அடி அறைக்கு சதுர அடிக்கு 5 டாலர் வீதம் 600 போட்டிருக்கிறீர்கள், கணக்கு சரி. ஆனால் அந்த அறை இந்த வேலைக்கு மட்டுமே பயன்பட வேண்டும் என்பது விதி. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் அங்கேதான் படுக்கிறார்கள் என்றால் அதை எடுத்துவிடுங்கள், 600 டாலருக்குப் பொய் சொல்ல வேண்டாம்.

இதைப் படிக்கும், ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கும் நண்பர்கள் ஒருநிமிஷம் நில்லுங்கள். உங்களுக்கு இது வரிப் பிரச்சினை அல்ல, விசாப் பிரச்சினை. ஸ்பான்சர் செய்த கம்பெனிக்கு வெளியே இப்படி வேலை செய்ய உங்களுக்கு அனுமதி இல்லை, ஒழுங்காக வரி கட்டினேன் என்பது அதைச் சரிசெய்யாது. ஏற்கெனவே செய்திருந்தால் வருமானத்தைக் காட்டத்தான் வேண்டும், ஆனால் அதற்குமுன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். ஹெச்-4 இஏடி (ஹெச்-1பிகாரரின் துணைவருக்கான வேலை அனுமதி) கையில் உள்ள துணைவருக்கு இந்தத் தடை இல்லை, அவர் தாராளமாகச் செய்யலாம், மேலே சொன்ன கணக்கெல்லாம் அவருக்கும் அப்படியே பொருந்தும்.

கடைசியாக, இந்த வேலையே வேண்டாமா என்ற புலம்பல். 24,000இல் செலவும் வரியும் போக உங்கள் கையில் 12,800 டாலர் நிற்கிறது. ராத்திரித் தூக்கத்துக்கு அது போதுமா என்று உங்கள் மனைவியைத்தான் கேட்க வேண்டும், என்னை அல்ல. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஆஸ்டின்காரர்களுக்கு விலை சொன்னபோது சம்பள வேலையின் மணிக்கூலியை மனதில் வைத்துச் சொல்லியிருப்பீர்கள். அதில் முதலாளி கட்டும் பாதிப் பங்கு இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, லீவு இல்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது இந்தத் தடவை அதையும் சேர்த்து விலை சொல்லுங்கள்.